லிஃப்ட் செய்த பிக்கப்பில் உதறலும் அதிர்வும்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

பின்னால் பட்டை ஸ்பிரிங், முன்னால் இரு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன், நடுவில் சென்டர் பேரிங்கோடு இரண்டு துண்டாக ஓடும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் (கியர்பாக்ஸின் சுழற்சியைப் பின் ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் தண்டு). ஹைலக்ஸ், டி-மேக்ஸ் வி-கிராஸ், 2023 வரை வந்த டகோமா என்று டபுள் கேபின் பிக்கப்புகள் பலவற்றின் அடிப்பகுதி ஏறக்குறைய இப்படித்தான் இருக்கிறது. இவற்றை லிஃப்ட் செய்தால், அதாவது சஸ்பென்ஷனை 50 மி.மீ. உயர்த்தினாலே, அடியில் பல மாறிவிடுகின்றன. பின் ஷாஃப்ட்டின் சரிவு கூடுகிறது. அதன் இரு நுனியிலும் உள்ள கிராஸ் ஜாயிண்ட்டுகள் (சிலுவை வடிவ மடங்கும் இணைப்புகள்) முன்பைவிட அதிகமாக மடங்கிக்கொண்டு சுற்றுகின்றன. முன் சக்கரங்களுக்குப் போகும் சிவி ஆக்சில்கள் கீழ்நோக்கிச் சாய்கின்றன. போதாக்குறைக்கு அதே நாளில் பெரிய டயரும் மாட்டியிருப்பார்கள். மறுநாள் வண்டி அதிர்ந்தால் காரணம் இவற்றில் எது என்று பார்த்ததும் சொல்ல யாராலும் முடியாது. ஊகத்தில் முதலில் சென்டர் பேரிங், அப்புறம் கிராஸ், அப்புறம் ஷாஃப்ட் என்று மாற்றிக்கொண்டே போனால் பணம்தான் தீரும்.

ஆகவே ஸ்பேனரைத் தொடுமுன் ரோட்டில் ஓட்டிப் பாருங்கள். அறிகுறியை வைத்துக் காரணத்தைக் குறுக்குங்கள். கோணத்தை அளந்த பிறகுதான் பாகம் வாங்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அதே ரோட்டில் அதே வேகத்தில் திரும்ப ஓட்டிப் பார்க்க வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது சரிசெய்தது, எது கெடுத்தது என்று பிறகு தெரியாது.

முதலில் ரோட்டில்

நான்கு டயரிலும் காற்றைச் சரிபார்த்து, 15 கி.மீ. ஓட்டி டயரைச் சூடாக்குங்கள். இரவு முழுக்க நின்ற டயரில் தரையில் பட்ட இடம் தட்டையாகி, அதுவே கொஞ்ச நேரம் அதிரும். பிறகு சமதளமான, நேரான, வண்டி நடமாட்டம் இல்லாத சாலை. ஒருவர் ஓட்ட, பக்கத்தில் இருப்பவர் எழுதட்டும்: எந்த வேகத்தில் தொடங்கி எந்த வேகத்தில் நிற்கிறது, ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதா விடும்போதா, ஸ்டியரிங்கில் தெரிகிறதா சீட்டிலா தரையிலா, 2எச்-சிலா (பின் சக்கரங்கள் மட்டும் இழுப்பது) 4எச்-சிலா (நான்கும் இழுப்பது).

மூன்று சோதனைகள் போதும். முதலாவது, 80 கி.மீ. வேகத்தில் ஒரே சீராக ஓட்டி கியரை மட்டும் மாற்றுங்கள். எந்த கியரிலும் அதே வேகத்தில் அதே அதிர்வு என்றால் அது கியர்பாக்ஸுக்குப் பின்னால் இருக்கிறது. எஞ்சின் சுற்றோடு கூடிக் குறைந்தால் எஞ்சின் மவுண்ட், கிளட்ச் பக்கம் போக வேண்டும். லிஃப்ட் வேலையில் சைலன்சர் குழாய் சேசிஸில் முட்டிக்கொண்டிருந்தாலும் இப்படித்தான் இரையும். கை வைத்து அசைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இரண்டாவது, 100-இல் போகும்போது நியூட்ரலுக்குத் தள்ளி, எஞ்சினை அணைக்காமல், 60 வரை தானாக ஓட விடுங்கள். அதிர்வு அப்படியே இருந்தால் டயர், ரிம், அல்லது ஷாஃப்ட்டின் பேலன்ஸ். நியூட்ரலுக்குப் போனதும் மறைந்தால் எஞ்சினின் இழுவிசை ஏறும்போது மட்டும் பேசும் பாகம்: ஜாயிண்ட் கோணம், சிவி, கிரௌன் பினியன் (ஷாஃப்ட்டின் சுழற்சியை ஆக்சிலுக்குத் திருப்பும் பல்சக்கர ஜோடி; ஷாஃப்ட்டோடு சேரும் சிறியது பினியன்).

மூன்றாவது, அதே வேகத்தில் லேசாக மிதித்தும் விட்டும் பாருங்கள். இழுக்கும்போது ஒரு மாதிரி, விடும்போது வேறு மாதிரி இருந்தால் பினியன் கோணத்தின் மேல் சந்தேகம் வலுக்கும். ஏனென்றால் இழுக்கும்போது பினியன் மூக்கு, அதாவது ஷாஃப்ட்டோடு சேரும் அதன் முன் நுனி, மேலே ஏறும், விட்டால் இறங்கும்.

எண்ணிக்கை எதைச் சொல்கிறது

265/70 ஆர்17 டயரின் விட்டம் சுமார் 803 மி.மீ., சுற்றளவு சுமார் 2.52 மீட்டர். 80 கி.மீ. வேகம் என்பது விநாடிக்கு 22.2 மீட்டர். ஆக, சக்கரம் விநாடிக்கு 8.8 சுற்று சுற்றுகிறது. கிரௌன் பினியன் விகிதம் 4.1 என்றால் ஷாஃப்ட் விநாடிக்கு 36 சுற்று. கிராஸ் ஜாயிண்ட்டின் கோணத்தால் வரும் அதிர்வு ஷாஃப்ட்டின் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை, அதாவது 72. சிவி ஆக்சிலின் உள் ஜாயிண்ட்டில் மூன்று உருளைகள் இருப்பதால் சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு மூன்று தடவை, சுமார் 26.

உடம்புக்கே இந்த வித்தியாசம் தெரியும். விநாடிக்கு 9 தடவை என்பது உடல் குலுங்கும் ஆட்டம், ஸ்டியரிங்கைப் பிடித்த கை ஆடும். 36 என்பது தரையிலும் சீட்டிலும் கிறுகிறுவென்று ஏறும் நுண்ணதிர்வு, கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி மங்கலாகத் தெரியும். 72 பெரும்பாலும் காதுக்குத்தான் உறுமலாகக் கேட்கும். ஃபோனில் அதிர்வு அளக்கும் ஆப் வைத்து அளப்பது நல்ல பழக்கம். ஆனால் பல ஃபோன்கள் விநாடிக்கு 100 தடவைதான் அளவெடுக்கும், அதனால் 50 ஹெர்ட்ஸுக்கு (விநாடிக்கு 50 தடவைக்கு) மேலுள்ளதை அவற்றால் காட்ட முடியாது. 72 அங்கே காணாமல் போகலாம், அல்லது பொய்யாக 28 என்று தோன்றி சிவி ஆக்சிலைக் குற்றம் சாட்ட வைக்கலாம். அதற்கு மேல் போக மைக் வழியாக ஒலியை அலசும் ஆப் தேவை.

அறிகுறி: கிளம்பும்போது உதறல், 10 முதல் 35 கி.மீ. வரை

லிஃப்ட் செய்தவர்கள் அதிகம் சொல்லும் புகார் இதுதான். முதல் கியரில் மேட்டில் ஏறும்போதோ, சுமையோடு கிளம்பும்போதோ தரைக்கு அடியில் டடடட என்று உதறி, வேகம் எடுத்ததும் நின்றுவிடும்.

காரணம் புரிய கிராஸ் ஜாயிண்ட்டின் குணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். அது நேராக இருந்தால் உள்ளே போகும் சுழற்சி அப்படியே வெளியே வரும். மடங்கி இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை வேகம் கூடி, இரண்டு தடவை குறையும். 3 டிகிரியில் இந்த ஏற்ற இறக்கம் 0.14 சதவீதம்தான். 10 டிகிரியில் 1.5 சதவீதம். 15-இல் சுமார் 3.5 சதவீதம். கோணம் இரட்டித்தால் குற்றம் நான்கு மடங்காகும் என்பதுதான் லிஃப்ட் செய்பவர்கள் மறக்கும் கணக்கு. பின் ஷாஃப்ட்டின் முன் ஜாயிண்ட் செய்யும் குற்றத்தைப் பின் ஜாயிண்ட் எதிர்த்திசையில் செய்து சமன்படுத்த வேண்டும். இரண்டும் ஒரே கோணத்தில் மடங்கி, ஷாஃப்ட்டின் நுனிகளில் கிராஸைப் பிடிக்கும் இரண்டு நுகங்களும் ஒரே தளத்தில் இருந்தால்தான் அது நடக்கும்.

உறுதிப்படுத்த செலவில்லாத ஒரு சோதனை உண்டு. 50 கிலோ மணல் மூட்டை நான்கோ ஐந்தோ பின் ஆக்சிலுக்கு நேர்மேலே ஏற்றிக் கட்டி, அதே மேட்டில் திரும்பக் கிளம்புங்கள். வண்டி இறங்கி உதறல் தணிந்தால் கோணம்தான் காரணம். வேறு பாகம் எதையும் கழற்ற வேண்டாம், நேராக அளவெடுக்கும் பகுதிக்குப் போகலாம்.

தணியாவிட்டால் சென்டர் பேரிங்கைப் பாருங்கள். பேரிங் நன்றாக இருந்து, அதைச் சுற்றியுள்ள ரப்பர் கிழிந்திருப்பதுதான் வழக்கம். கம்பி கொடுத்து ஷாஃப்ட்டை நெம்பினால் ரப்பர் பிளவு வாயைத் திறக்கும். புதியதை மாட்டும்போது பிராக்கெட்டின் போல்ட்டுகளைத் தளர்வாக விட்டு, வண்டியைச் சக்கரத்தில் நிறுத்தி, முன்னும் பின்னும் ஒரு தடவை உருட்டி, ரப்பர் எந்தப் பக்கமும் முறுக்கிக்கொள்ளாமல் ஷாஃப்ட்டுக்குச் செங்குத்தாக அமர்ந்த பிறகே இறுக்க வேண்டும். தொங்கவிட்ட வண்டியில் இறுக்கினால் ரப்பர் இழுபட்ட நிலையிலேயே வேலை செய்து சீக்கிரம் கிழியும்.

பின்னால் ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவே கட்டை வைத்து உயர்த்தியிருந்தால் இன்னொரு காரணம் சேரும். கட்டை உயரமாக உயரமாக ஆக்சிலுக்கு நெம்புகோல் நீளுகிறது. இழுக்கும்போது பட்டை எஸ் வடிவில் வளைந்து, ஆக்சில் சுழன்று, பினியன் மூக்கு மேலே எழும்பி, பட்டை உதறித் திரும்பும். மோசமானது, ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கட்டை வைப்பது. அதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யக் கூடாது. ஒருவர் பிரேக்கை மிதித்தபடி முதல் கியரில் கிளட்ச்சை மெல்ல விடட்டும். இன்னொருவர் வண்டிக்குப் பக்கவாட்டில், பாதையை விட்டு விலகி நின்று, பினியன் எவ்வளவு எழும்புகிறது என்று பார்க்கட்டும். கண்ணுக்கு நன்றாகத் தெரியும் அளவு எழும்பினால் கட்டையை எடுத்துவிட்டு முழு ஸ்பிரிங் செட் போடுவதுதான் தீர்வு.

கோணத்தை அளப்பது

காந்தம் உள்ள டிஜிட்டல் கோணமானி வேண்டும், 0.1 டிகிரி காட்டினால் போதும். சாதாரண ரசமட்டத்தால் இந்த வேலை ஆகாது. வண்டி சமதளத்தில் தன் சக்கரங்களில் நிற்க வேண்டும். பள்ளத்தில் இறங்கிப் பார்க்கலாம், அல்லது நான்கு தூண் லிஃப்ட்டில் ஏற்றலாம். சேசிஸைப் பிடித்துத் தூக்கும் இரண்டு தூண் லிஃப்ட்டில் ஆக்சில் தொங்கும், அங்கே எடுக்கும் அளவு அத்தனையும் வீண். டேங்க்கில் வழக்கமான டீசல், பின்னால் வழக்கமாக வைத்திருக்கும் சுமையோடு அளங்கள்.

நான்கு இடத்தில் அளவெடுக்க வேண்டும்: கியர்பாக்ஸ் அல்லது டிரான்ஸ்ஃபர் கேஸின் (முன், பின் ஆக்சில்களுக்குச் சுழற்சியைப் பிரிக்கும் பெட்டி) வெளியேறும் ஃப்ளேஞ்ச் (ஷாஃப்ட்டை போல்ட் போட்டு இணைக்கும் தட்டு), முன் ஷாஃப்ட்டின் குழாய், பின் ஷாஃப்ட்டின் குழாய், பினியன் ஃப்ளேஞ்ச். ஃப்ளேஞ்ச்சின் முகத்தில் அளந்தால் 90 டிகிரி வித்தியாசத்தைக் கழித்துக்கொள்ளுங்கள். முன்னால் உயரம், பின்னால் தாழ்வு என்றால் கூட்டல் என்று ஒரே விதி வைத்துக்கொண்டு, எல்லா அளவையும் வண்டியின் ஒரே பக்கத்திலிருந்து எடுங்கள். பக்கம் மாறினால் குறி மாறும், கணக்கு தலைகீழாகும். குழாயில் மண், பெயிண்ட் தடிப்பு, வெல்டு திட்டு இல்லாத இடமாகத் துடைத்து வையுங்கள். அடுத்தடுத்த இரண்டு அளவின் வித்தியாசம்தான் அந்த ஜாயிண்ட்டின் வேலைக் கோணம்.

ஓர் உதாரணம். முன் ஷாஃப்ட் 600 மி.மீ., பின் ஷாஃப்ட் 900 மி.மீ. லிஃப்ட்டுக்கு முன் கியர்பாக்ஸ் 3.0, முன் ஷாஃப்ட் 4.0, பின் ஷாஃப்ட் 5.5, பினியன் 4.0. மூன்று ஜாயிண்ட்டும் முறையே 1.0, 1.5, 1.5. கடைசி இரண்டும் சமம், வண்டி அமைதி. பிறகு உயரமான ஸ்பிரிங் செட் போட்டார்கள். பினியன் திரும்பியதையும் சேர்த்து, பின் ஷாஃப்ட்டின் பின் நுனி மொத்தம் 63 மி.மீ. தாழ்ந்தது. 900 மி.மீ. ஷாஃப்ட்டில் ஏறக்குறைய 16 மி.மீ.-க்கு 1 டிகிரி வீதம் பின் ஷாஃப்ட் 9.5 ஆகிவிட்டது. புதிய ஸ்பிரிங்கின் வளைவு பினியனையும் 2 டிகிரி கீழே திருப்பி 2.0-இல் நிறுத்திவிட்டது. இப்போது ஜாயிண்ட்டுகள் 1.0, 5.5, 7.5.

கடைசி இரண்டுக்கும் வித்தியாசம் 2 டிகிரிதானே என்று தோன்றும். ஆனால் குற்றம் கோணத்தின் வர்க்கத்தில் வளர்வதால் வர்க்கங்களைத்தான் கழிக்க வேண்டும். 7.5-இன் வர்க்கம் 56.25, 5.5-இன் வர்க்கம் 30.25, மிச்சம் 26, அதன் வர்க்கமூலம் 5.1. அதாவது சமன் செய்ய ஆளில்லாத 5.1 டிகிரி ஜாயிண்ட் ஒன்று தனியாகச் சுற்றுவதற்குச் சமம். இந்த மிச்சம் 3 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அதே 2 டிகிரி வித்தியாசம் 1-க்கும் 3-க்கும் இடையே இருந்திருந்தால் மிச்சம் 2.8தான், கிட்டத்தட்ட பொறுத்துக்கொள்ளலாம். கம்பெனி உயரத்தில் தெரியாமல் கிடந்த சின்னப் பிசகு லிஃப்ட்டுக்குப் பிறகு உதறலாக வெளியே வருவது இதனால்தான்.

இந்த இடத்தில் வழக்கமாகச் செய்வது, சென்டர் பேரிங்குக்கு 20 மி.மீ. ஸ்பேசர் வைத்து இறக்குவது. செய்தால் என்ன ஆகும்? முன் ஷாஃப்ட் 1.9 டிகிரி சரிந்து 5.9 ஆகும், பின் ஷாஃப்ட் 1.3 குறைந்து 8.2 ஆகும். ஜாயிண்ட்டுகள் 2.9, 2.3, 6.2. நடு ஜாயிண்ட்டைத் தளர்த்திவிட்டோம், ஆனால் பினியன் ஜாயிண்ட்டுக்கு ஜோடி போய்விட்டது. கடைசி இரண்டின் மிச்சம் 5.1-லிருந்து 5.8-க்கு ஏறிவிட்டது. முன் ஜாயிண்ட்டின் 2.9 வேறு தனியாக நிற்கிறது. ஸ்பேசர் சிலருக்கு உதவி, சிலருக்குக் கெடுப்பதன் ரகசியம் இவ்வளவுதான். அளக்காமல் வைத்தால் அது குருட்டடி.

மாறாக, ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவே 2 டிகிரி ஆப்பு ஷிம் (ஆப்பு வடிவத் தகடு) வைத்துப் பினியனை 4.0-க்குத் தூக்குங்கள். பினியன் ஃப்ளேஞ்ச் ஆக்சில் மையத்திலிருந்து 300 மி.மீ. முன்னால் இருந்தால் அது 10 மி.மீ. மேலே வரும். அதனால் பின் ஷாஃப்ட்டும் 8.8-க்குத் தணியும். ஜாயிண்ட்டுகள் 1.0, 4.8, 4.8. உதறல் போய்விடும். இன்னும் மென்மையாக்க வேண்டுமென்றால் 3 டிகிரி ஷிம்மோடு சென்டர் பேரிங்கை 10 மி.மீ. மட்டும் இறக்கலாம். அப்போது ஏறக்குறைய 2, 2.9, 2.9. நெடுஞ்சாலையில் அதிகம் ஓடும் வண்டிக்கு இதுவே நல்ல இடம். ஷாஃப்ட் நிமிடத்துக்கு 2,500 சுற்று சுற்றும்போது ஜாயிண்ட் 7 டிகிரிக்கு மேலும், 3,000-இல் சுமார் 5.8-க்கு மேலும் மடங்கக் கூடாது என்பது ஜாயிண்ட் செய்பவர்களின் உச்ச வரம்பு. நாளெல்லாம் ஓட 3 டிகிரிக்குள் வைத்தால் கிராஸ் நீண்ட நாள் வரும். அதற்காகப் பூஜ்யமாகவும் ஆக்கிவிடாதீர்கள். குறைந்தது அரை டிகிரியாவது மடங்கினால்தான் உள்ளேயிருக்கும் ஊசி பேரிங்குகள் உருளும். அசையாமல் ஒரே இடத்தில் அழுந்தினால் கிராஸில் கோடு விழும்.

ஷிம் வைக்கும் திசையில் பலர் தவறுகிறார்கள். பட்டை ஆக்சிலுக்கு மேலே இருக்கும் பிக்கப்பில், ஷிம்மின் தடித்த பக்கம் பின்னால் இருந்தால் பினியன் மேலே திரும்பும், முன்னால் இருந்தால் கீழே திரும்பும். பட்டை ஆக்சிலுக்கு அடியில் ஓடும் வண்டியில் இது தலைகீழ். பட்டையின் பின் நுனியைச் சேசிஸோடு இணைக்கும் ஷாக்கிளை நீளமாக்கினாலும் பினியன் மேலே திரும்பும் என்பதால், ஷாக்கிளும் ஷிம்மும் சேர்ந்தால் அளவு மிஞ்சிப்போகும். எஃகு ஷிம் வாங்குங்கள். அலுமினியம் நசுங்கும், வெடிக்கும். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டின் தலை ஆக்சிலின் துளையில் முழுதாக உட்காருகிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் நீளமான சென்டர் போல்ட் போட வேண்டும். ஆக்சிலைப் பட்டையோடு கட்டும் யூ போல்ட்டுகளைப் புதிதாகவே போடுங்கள், ஒருமுறை நீண்டது திரும்ப அதே இறுக்கம் பிடிக்காது. பினியனை அதிகம் தூக்கினால் அதன் முன் பேரிங்குக்கு எண்ணெய் போவது குறையும், நிரப்பும் துளையின் உயரமும் மாறும். எண்ணெய் அளவை அந்தப் புதிய நிலையில் திரும்பப் பாருங்கள்.

அறிகுறி: 80 முதல் 110 வரை ஸ்டியரிங்கோ சீட்டோ ஆடுகிறது

நியூட்ரலிலும் ஆடினால் இது டயர், ரிம். ஷாஃப்ட்டைத் தொட வேண்டாம். ஸ்டியரிங்கில் என்றால் முன் சக்கரம், சீட்டில் என்றால் பெரும்பாலும் பின் சக்கரம். முன்னையும் பின்னையும் மாற்றிப் போட்டால் ஆட்டமும் இடம் மாறும், அதுவே நிரூபணம். கம்பெனி போடாத அலாய் ரிம்மின் நடுத்துளை ஹப்பைவிடப் பெரிதாக இருக்கிறதா பாருங்கள். அப்படியிருந்தால் மையப்படுத்தும் வளையம் வேண்டும். நட்டுகளை எதிரெதிராக, படிப்படியாக, டார்க் ரெஞ்ச்சில் இறுக்குங்கள். சேற்றில் இறங்கி வந்த மறுநாள் திடீரென ஆடினால் ரிம்மின் உட்பக்கம் காய்ந்த சேறு ஒட்டியிருக்கும். பேலன்சிங் கடைக்குப் போகுமுன் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள்.

அறிகுறி: 60-க்கு மேல் தரையில் கிறுகிறுப்பு, வேகம் கூடக் கூடக் கூடுகிறது

விநாடிக்கு 30, 40 என்ற அளவில் இருந்து, நியூட்ரலிலும் போகாமல் நின்றால் ஷாஃப்ட்டின் பேலன்ஸ். முதலில் கண்ணால் பாருங்கள்: குழாயில் பள்ளம், வெல்டு செய்த எடை விழுந்த தடம், ஒட்டிய தார், துருவுக்காக அடித்த தடித்த பூச்சு. டயல் கேஜ் வைத்துக் குழாயைக் கையால் சுற்றி, எவ்வளவு ஆடுகிறது என்று அளங்கள். 0.8 மி.மீ.-க்கு மேல் என்றால் வளைந்திருக்கிறது, எடை வைத்து ஏமாற்ற முடியாது.

வளையவில்லையென்றால் ஹோஸ் கிளாம்ப் வைத்தே பேலன்ஸ் தேடலாம். குழாயின் பின் நுனியில் நான்கு புறமும் 1, 2, 3, 4 என்று குறியிடுங்கள். ஒரு கிளாம்ப்பை மாட்டி, அதன் திருகுத் தலையை ஒவ்வொரு குறிக்கும் மாற்றி ஓட்டிப் பாருங்கள். எந்தக் குறியில் அதிர்வு தணிகிறதோ அங்கே இரண்டாவது கிளாம்ப்பையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டு சேர்ந்தால் கூடிவிட்டால் இரண்டு தலையையும் அந்தக் குறியிலிருந்து இருபுறமும் சம அளவில் விலக்கிக்கொண்டே போங்கள். பொறுமை வேண்டிய வேலை, ஆனால் குற்றம் ஷாஃப்ட்டில்தானா என்பது நிச்சயமாகிவிடும். பிறகு ஷாஃப்ட்டை இரண்டு துண்டும் சேர்த்து, சென்டர் பேரிங்கோடு, டைனமிக் பேலன்சிங் செய்யும் பட்டறையில் கொடுங்கள். பின் துண்டை மட்டும் கொடுத்தால் பாதி வேலைதான் நடக்கும்.

இழுக்கும்போது மட்டும் 72 பக்கம் உறுமினால் அது கோணம். மேலே சொன்ன அளவுக்குத் திரும்புங்கள். விடும்போது மட்டும் ஊளையிட்டால் கிரௌன் பினியன் ஹவுசிங்கைப் பார்க்க வேண்டும். பினியன் நட்டு தளர்ந்தோ பேரிங் தேய்ந்தோ இருக்கலாம்.

சந்தேகம் தீராவிட்டால் பின் ஷாஃப்ட்டைக் கழற்றிவிட்டு, 4எச்-சில் முன் சக்கரங்களால் மட்டும் மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம். போல்ட் ஃப்ளேஞ்ச் உள்ள வண்டியில் மட்டும் செய்யுங்கள். ஷாஃப்ட் நேராக கேஸுக்குள் நுழையும் வகையில் எண்ணெய் கொட்டிவிடும். கழற்றிய பிறகு கியரிலோ பார்க்கிலோ போட்டு வண்டி நிற்கும் என்று நம்பாதீர்கள். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டுத்தான் அடியில் போக வேண்டும்.

அறிகுறி: ஷாஃப்ட்டைக் கழற்றி மாட்டிய அன்றே ஆரம்பித்தது

நழுவும் ஸ்ப்லைனை (ஷாஃப்ட் நீளவும் சுருங்கவும் விடும் பல்வரிசை இணைப்பு) வெளியே இழுத்து, ஒரு பல் தள்ளிச் சொருகியிருப்பார்கள். 16 பல் உள்ள ஸ்ப்லைனில் ஒரு பல் என்றாலே 22.5 டிகிரி. 90 டிகிரி தள்ளிப் போனால் இரண்டு ஜாயிண்ட்டின் குற்றமும் ஒன்றையொன்று அழிக்காமல் கூடிவிடும். கழற்றுமுன் ஃப்ளேஞ்ச், குழாய், ஸ்ப்லைன் மூன்றிலும் பெயிண்ட் குறி வையுங்கள். குறி இல்லாமல் கழன்றுவிட்டால் பின் ஷாஃப்ட்டின் இரு நுனி நுகங்களையும் ஒரே தளத்துக்குக் கொண்டுவாருங்கள். சில மாடல்களில் கம்பெனியே வேறு கோணத்தில் வைத்திருக்கும் என்பதால் அந்த வண்டியின் சர்வீஸ் கையேட்டையும் பாருங்கள்.

புதுக் கிராஸ் போட்ட பிறகு ஆரம்பித்தால் அதன் நான்கு நுனியிலும் ஊசி பேரிங்குகளை மூடியிருக்கும் கோப்பைகளைப் பாருங்கள். அடித்து இறக்கும்போது ஓர் ஊசி சாய்ந்துவிட்டால் கோப்பை முழுதாக உட்காராது, லாக் வளையம் பள்ளத்தில் விழாது. இருபுறமும் சமமான தடிப்பில் லாக் போட வேண்டும். ஒரு பக்கம் தடித்தது, ஒரு பக்கம் மெல்லியது என்றால் ஷாஃப்ட்டின் மையமே விலகிவிடும். கையால் மடக்கினால் எல்லாத் திசையிலும் ஒரே வழவழப்போடு மடங்க வேண்டும்.

அறிகுறி: ‘டங்’ என்ற சத்தம், கீச் கீச்

கியர் மாற்றும்போதும் ஆக்சிலரேட்டரை மிதித்து விடும்போதும் ‘டங்’ என்றால் கிராஸில் ப்ளே (தேய்மானத்தால் வந்த தளர்வு), அல்லது யூ போல்ட் தளர்வு. வண்டி நின்ற ஒரு நொடி கழித்து பின்னாலிருந்து தட்டியதுபோல வந்தால் நழுவும் ஸ்ப்லைன் வறண்டிருக்கிறது, மாலிப்டினம் கலந்த கிரீஸ் போடுங்கள். ஸ்ப்லைனில் அளவுக்கு மீறி அடித்தால் அடைத்துக்கொண்டு ஷாஃப்ட் சுருங்காது. மெதுவாகப் போகும்போது தாளம் தவறாமல் கீச் என்றால் கிராஸ் உள்ளே வறண்டுவிட்டது. கோப்பையின் ஓரத்தில் செந்துரு தூள் ஒட்டியிருக்கும். கிரீஸ் அடிக்கும் நிப்பிள் இருந்தால் நான்கு கோப்பையிலும் புதிய கிரீஸ் எட்டிப் பார்க்கும் வரை அடியுங்கள். செந்துரு வந்த பிறகு கிரீஸ் காப்பாற்றாது, மாற்றிவிட வேண்டும்.

அறிகுறி: முன்பக்கத்திலிருந்து

காய்ந்த தார் ரோட்டில் 4எச் போட்டுச் சோதிக்காதீர்கள். முன், பின் சக்கரங்கள் ஒன்றையொன்று முறுக்கி, நல்ல வண்டியையே உதற வைக்கும். மண் ரோட்டில் 4எச்-சில் மட்டும் அதிர்ந்தால் முன் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு அதே 4எச்-சில் ஓட்டி ஒப்பிடுங்கள்.

2எச்-சிலேயே முன்னால் இரைகிறதா? முன் ஹப்பில் ஆக்சிலைச் சக்கரத்திலிருந்து விடுவிக்கும் லாக் இல்லாத வண்டிகளில் சிவி ஆக்சில்கள் எப்போதும் சக்கரத்தோடு சுற்றிக்கொண்டுதான் இருக்கும், அதனால் 2எச்-சிலும் அவை பேசும். 2005-க்குப் பின் வந்த டகோமா, எஃப்ஜே குரூசர் போன்றவற்றில் லிஃப்ட் செய்த பிறகு 55 முதல் 75 வேகத்தில் இடதுபுறம் முன் டிஃபரன்ஷியலிலிருந்து (இரு முன் சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரிக்கும் பெட்டி) உறுமல் வருவது பேர்போனது. ஆக்சில் தண்டைத் தாங்கும் ஊசி பேரிங் அந்தச் சாய்வில் தேய்ந்துவிடுகிறது. மண் ரோட்டில் அதே வேகத்தில் 4எச் போட்டதும் உறுமல் மறைந்தால் அதுதான். ஊசி பேரிங்குக்குப் பதில் புஷ் மாட்டுவது இதற்கான வழி.

முடுக்கும்போது மட்டும் பக்கவாட்டில் குலுங்கினால் உள் சிவி ஜாயிண்ட்டின் கோணம். முன்னால் ஏற்றிய உயரத்தை 10, 15 மி.மீ. குறைத்துப் பாருங்கள். போகாவிட்டால் முன் டிஃபரன்ஷியலை இறக்கும் கிட் போட வேண்டியிருக்கும்.

வேலை முடிந்ததும் யூ போல்ட், ஃப்ளேஞ்ச் போல்ட், சென்டர் பேரிங் போல்ட் எல்லாவற்றையும் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்கி, பெயிண்ட் கோடு போடுங்கள். 500 கி.மீ. ஓடியதும் திரும்ப இறுக்குங்கள். புதிய பட்டை முதல் 1,000 கி.மீ.-க்குள் கொஞ்சம் இறங்கி உட்காரும். அப்போது நான்கு கோணத்தையும் இன்னொரு முறை அளந்து, தேதியோடு சர்வீஸ் புத்தகத்தில் எழுதி வையுங்கள்.